கொடி ஏறிய மறுநாள்: ஆப்பிரிக்க அரசியலை எந்தப் படைப்பில் தொடங்குவது?

விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகளில் அதிகாரம் யார் கைக்குப் போனது, அதை வைத்து அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாவல் வழியாகவும் சினிமா வழியாகவும் பார்க்க வேண்டும் என்ற ஆர்வம் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்கும் திரையிடல் ஏற்பாடு செய்கிறவர்களுக்கும் அடிக்கடி வருகிறது. முதலில் எதை எடுப்பது என்ற இடத்தில்தான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பெரும்பாலும் ‘பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ படத்தில் போய் முடிகிறது. மகத்தான படம், மறுப்பே இல்லை. ஆனால் முதல் தேர்வாக அதை எடுக்கக் கூடாது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை.

என் கணக்கில் போட்டி நான்கு படைப்புகளுக்குள்தான். அல்ஜீரியாவைப் பற்றிய அந்த 1966 படம் ஒன்று. அதே 1966 இல் வந்த நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் நாவல் ‘எ மேன் ஆஃப் த பீப்பிள்’ இரண்டாவது. செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1973 இல் நாவலாக எழுதி 1975 இல் தானே படமாக எடுத்த ‘ஹாலா’ மூன்றாவது (ஆங்கிலத்தில் Xala என்று எழுதுவார்கள், தேடும்போது அப்படித் தேடுங்கள்). நான்காவது கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோவின் நாவல், தமிழில் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் கிடைப்பது.

எதை வைத்து அளப்பது? எனக்கு ஃபிரான்ஸ் ஃபனான்தான் அளவுகோல். மார்த்தினிக் தீவில் பிறந்த கறுப்பின மனநல மருத்துவர் அவர். அல்ஜீரியாவில் பிளிதா மருத்துவமனையில் வேலை பார்த்து, பிறகு விடுதலை இயக்கத்தோடு சேர்ந்துகொண்டார். 1961 டிசம்பரில் இறந்துபோனார், அல்ஜீரியாவின் விடுதலை 1962 ஜூலையில். விடுதலையைக் கண்ணால் பார்க்காத அந்த மனிதர் விடுதலைக்குப் பிறகு என்ன நடக்கும் என்று தன் கடைசி நூலில் ஒரு முழு அத்தியாயம் எழுதிவைத்திருக்கிறார். உள்ளூர் முதலாளி வர்க்கத்திடம் தொழிற்சாலையும் கிடையாது, சொந்த மூலதனமும் கிடையாது, வெள்ளைக்காரன் எழுந்துபோன நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கே தரகு வேலை பார்ப்பார்கள், தலைவர் பழைய போராட்டக் கதையைச் சொல்லிச் சொல்லியே ஜனங்களைத் தூங்கவைப்பார், கட்சி மக்களின் குரலை மேலே கொண்டுபோவதை விட்டுவிட்டு மேலிடத்து உத்தரவைக் கீழே இறக்கும் குழாயாகிவிடும் என்கிறார். காலனிய ஆட்சிக்குப் பிந்தைய அரசியல் என்று பேசும்போது நாம் பேசவேண்டியது இதைத்தான். ஆகவே முதலில் எடுக்கும் படைப்பு, கொடி ஏறிய மறுநாள் காலையிலிருந்து தொடங்கவேண்டும், தன் பக்கத்து ஆட்களையே கேள்வி கேட்கவேண்டும்.

சரி, முதலில் அல்ஜியர்ஸ். ஜில்லோ பொண்டகோர்வோ என்ற இத்தாலிய இயக்குநர் எடுத்தது. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய விடுதலை முன்னணியின் தளபதிகளில் ஒருவராக இருந்து சிறைக்குப் போன யாசெஃப் சாதி படத்தின் தயாரிப்பில் பங்கேற்றார், தன்னைப் போன்ற ஒரு பாத்திரத்தில் தானே நடித்தார். பிரெஞ்சுக் கர்னல் மத்தியூவாக வரும் ழான் மார்த்தான் ஒருவரைத் தவிர முக்கியப் பாத்திரங்களில் தொழில்முறை நடிகர் எவரும் இல்லை. அந்த மார்த்தானே கூட அல்ஜீரியப் போரை எதிர்த்து வந்த 121 பேர் அறிக்கையில் கையெழுத்திட்டவர். வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது, பிரான்ஸில் சில ஆண்டுகள் திரையிடவே முடியவில்லை. ஆவணப்படம் என்றே நம்பிவிடும்படியான கறுப்பு வெள்ளைப் படம், உண்மையான செய்திப்படத் துண்டு ஒன்றுகூட அதில் கிடையாது. 2003 இல் இராக்கை ஆக்கிரமித்த பிறகு அமெரிக்க ராணுவத் தலைமையகமான பெண்டகனிலேயே இதைப் போட்டுப் பார்த்தார்கள். எதிரிகளும் பாடம் படிக்க எடுத்துப் பார்க்கும் அளவுக்கு ஒரு படம் நேர்மையாக இருந்தது என்பதே அதன் வலிமைக்குச் சான்று.

ஆனால் அது சண்டையின் கதை. 1954 இல் தொடங்கி 1957 இல் இயக்கத்தின் நகர அமைப்பு நொறுக்கப்படுவது வரை போகிறது, 1960 டிசம்பரில் ஜனங்கள் தெருவில் இறங்குவதோடு முடிகிறது. அப்புறம் என்ன ஆயிற்று என்பதைப் படம் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தொடுகிறது. மொட்டைமாடியில் இரவில் உட்கார்ந்து தலைவர் பென் மிஹிதி இளைஞன் அலியிடம் பேசும் காட்சி அது. புரட்சியைத் தொடங்குவது கஷ்டம், நடத்திக்கொண்டு போவது அதைவிடக் கஷ்டம், ஜெயிப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம், ஆனால் ஜெயித்த பிறகுதான் உண்மையான கஷ்டமே தொடங்கும் என்கிற பொருளில் சொல்வார். படம் உருவான 1965 ஆம் ஆண்டிலேயே, ஜூன் 19 அன்று, அல்ஜீரியாவின் முதல் ஜனாதிபதி பென் பெல்லாவை அவருடைய பாதுகாப்பு அமைச்சர் பூமெதியன் ராணுவத்தைக் கொண்டு இறக்கிவிட்டார். மொட்டைமாடியில் சொன்ன கஷ்டம் கேமராவுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு விடுபடல் என்னைத் தொந்தரவு செய்வது. விடுதலை முன்னணியின் மிகக் கூர்மையான அரசியல் மூளை என்று கருதப்பட்ட அபான் ரம்தான், ஆயுதத்துக்கு மேலே அரசியல் இருக்கவேண்டும் என்பதை 1956 மாநாட்டில் தீர்மானமாகவே கொண்டுவந்தவர், 1957 டிசம்பரில் மொராக்கோவில் சொந்த இயக்கத்தவர்களாலேயே கொல்லப்பட்டார். படம் காட்டும் காலத்துக்கு ஒட்டியே நடந்த விஷயம், படத்தில் அதன் நிழல்கூட இல்லை. அதேபோல் கூந்தலை வெட்டி, ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு குண்டு வைக்கப்போகும் மூன்று பெண்களை யாரும் மறக்க முடியாது. அதே நாடு 1984 இல் கொண்டுவந்த குடும்பச் சட்டத்தில் ஒரு பெண் தன் திருமணத்துக்கே ஆண் காப்பாளரைச் சார்ந்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். 1984 தெரியாமல் 1956 இன் அந்தக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுக் கைதட்டி எழுந்து போனால், விவாதம் பிரெஞ்சுக்காரர்களின் சித்திரவதையைக் கண்டிப்பதோடு நின்றுவிடும். கண்டிக்கவேண்டியதுதான். ஆனால் அந்த அறையில் இருக்கும் ஒருவருக்கும் அதில் மாற்றுக்கருத்து இருக்கப்போவதில்லையே, பிறகு என்ன விவாதம்?

அச்செபேயின் நாவல் இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. நாட்டின் பெயர் சொல்லப்படாது, ஆனால் நைஜீரியாவைத்தான் எழுதுகிறார் என்று தெரியும். நாங்கா முன்னாள் பள்ளி ஆசிரியர், இப்போது கலாச்சார அமைச்சர், ஜனங்களுக்குப் பிடித்தமான மனிதர், யாரைப் பார்த்தாலும் தோளில் கைபோட்டுப் பேசுவார். கதை சொல்கிறவன் ஒதிலி, அவரிடம் ஒருகாலத்தில் படித்த இளம் ஆசிரியன். அவரை வெறுத்துக்கொண்டே அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறான். அங்கே மெத்தென்ற கட்டிலில் படுத்தபடி, என்னை இப்போது அமைச்சராக்கினால் நானும் கடைசிவரை அமைச்சராகவே இருக்கத்தான் ஆசைப்படுவேன் என்று ஒப்புக்கொள்கிறான். நேற்றுவரை எல்லோரும் சேர்ந்து மழையில் நனைந்தோம், ஒருசிலர் மட்டும் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள், உலர்ந்த துணிக்கு இப்போதுதான் மாறியவனை மறுபடி மழைக்குள் போ என்றால் போகமாட்டான் என்று அச்செபே அங்கே எழுதும் பக்கத்தை நான் எத்தனையோ பேருக்குப் படித்துக்காட்டியிருக்கிறேன். அரசியல்வாதியின் பேராசை என்று ஒதுக்கிவிடாமல் அந்தப் பேராசை எங்கிருந்து வருகிறது என்று அவ்வளவு பரிவோடு, அதே சமயம் துளியும் மன்னிக்காமல் எழுதியவர்கள் குறைவு.

அதே நாவலில் ஜோசையா என்ற கடைக்காரனின் கதை வருகிறது. ஒரு குருடனின் கைத்தடியை மாந்திரீகத்துக்காகத் திருடிவிடுகிறான். ஊரே சேர்ந்து அவன் கடையில் ஒரு சாமானும் வாங்குவதில்லை என்று நின்றுவிடுகிறது, கொஞ்ச நாளில் கடை இழுத்து மூடப்படுகிறது. உடைமைக்காரன் கவனிக்கும் அளவுக்குத் திருடிவிட்டான் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். நாவல் முடியும் இடத்தில் இந்தக் கதை திரும்ப வருகிறது. கிராமத்தில் உடைமைக்காரன் என்று சொல்ல ஊர் இருந்தது, நாட்டின் பணத்துக்கு அப்படி ஒரு உடைமைக்காரன் இல்லை, ஆகவே எவ்வளவு திருடினாலும் யாரும் கவனிக்கவில்லை. ஊருக்குள் உயிரோடு இருக்கும் ஒழுக்கம் தேசம் என்று வந்ததும் ஏன் செத்துப்போகிறது என்ற கேள்விக்கு நான் படித்த அரசியல் நூல்களில் இதைவிடத் தெளிவான பதில் கிடைக்கவில்லை.

இந்த நாவலுக்கு நேர்ந்தது இன்னொரு கதை. கதை ராணுவக் கவிழ்ப்பில் முடிகிறது. நூல் வெளிவந்த 1966 ஜனவரியிலேயே, 15 ஆம் தேதி, நைஜீரியாவில் முதல் ராணுவக் கவிழ்ப்பு நிஜமாகவே நடந்தது. முன்பிரதியைப் படித்திருந்த கவிஞர் ஜே.பி. கிளார்க், இதில் எழுதியிருப்பதில் ராணுவக் கவிழ்ப்பைத் தவிர எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அதுவும் நடந்துவிட்டது. அச்செபேக்குச் சதி முன்பே தெரிந்திருக்கவேண்டும் என்ற சந்தேகம் கிளம்பி, அவருடைய இனமான இக்போ மக்கள்மீது கொலைவெறி அவிழ்ந்த அந்த ஆண்டிலேயே அவர் லாகோஸைவிட்டு ஓடவேண்டியதாயிற்று.

குறைகளும் உண்டு. எல்சி, எட்னா என்ற பெண்கள் இரண்டு ஆண்களுக்கு நடுவே கைமாறுகிற பரிசுப்பொருள் மாதிரி வருகிறார்கள். ஒதிலி அரசியலில் குதிப்பதற்கே அவன் தோழி எல்சியை நாங்கா பறித்துக்கொண்ட ஆத்திரம்தான் காரணம். அரசியல் கோபமும் சொந்தக் கோபமும் அப்படிக் கலந்தே இருக்கும் என்று அச்செபே காட்டுவது சரி, ஆனால் எல்சிக்கு என்ன தோன்றியது என்று ஒரு வரி இருந்திருக்கலாம். நாவலில் நாங்காவும் மற்றவர்களும் பேசும் கொச்சை ஆங்கிலத்தில்தான் பாதி உயிர் இருக்கிறது. ஆங்கில நாவல் படித்துப் பழகாதவர்களுக்கு அது பெரிய தடை, குழுவில் பத்துப்பேருக்குக் கொடுத்தால் நாலு பேர்தான் முடித்துவிட்டு வருவார்கள்.

அடுத்து கூகி. 1977 இல் கென்யாவின் காமிரீத்துவில் கிராமத்து ஜனங்களை வைத்து அவர்கள் பேசும் கிக்கூயூ மொழியில் நாடகம் போட்டார் என்பதற்காக, அந்த ஆண்டு டிசம்பர் 31 அன்று ஜனாதிபதி கென்யாட்டாவின் அரசு அவரைப் பிடித்துப்போனது. விசாரணை இல்லாமல் ஓராண்டு சிறை. அங்கே கழிப்பறைக் காகிதத்தில் எழுதியதுதான் இந்த நாவல், 1980 இல் கிக்கூயூவில் வெளிவந்தது. பிரிட்டிஷ்காரர்கள் அடைத்துப்போட்டிருந்த கென்யாட்டாதான் விடுதலைக்குப் பிறகு எழுத்தாளரை அடைத்துப்போட்டார் என்ற ஒரு தகவலே பாதி பாடம். கதையில் திருடர்களும் கொள்ளையர்களும் கூடி யார் பெரிய திருடன் என்று போட்டி வைக்கிறார்கள், வெளிநாட்டுத் திருடர்கள் வந்து மகுடம் சூட்டப்போகிறார்கள். ஒருவன் எழுந்து, மண்ணைச் சட்டியிலும் காற்றை டின்னிலும் அடைத்து ஏழைகளுக்கு விற்கலாம் என்று திட்டம் சொல்கிறான். புத்தகம் வந்தபோது படித்தவர்கள் வீட்டிலும் மதுக்கடையிலும் படிக்காதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினார்கள்.

நம்மவர்களுக்கு இதில் இருக்கும் பெரிய சௌகரியம் தமிழில் கிடைப்பது. வரீங்கா என்ற பெண்ணை நடுவில் வைத்து, அவளை இயந்திரம் பழுதுபார்க்கும் வேலைக்குப் போகவைத்து, கடைசித் துப்பாக்கியையும் அவள் கையிலேயே கொடுத்திருக்கிறார் என்பதால் பெண்கள் விஷயத்தில் நான்கில் இதுதான் முன்னே நிற்கிறது. ஆனால் நீளமான பேச்சுகள், ஒரே கருத்து மறுபடி மறுபடி. வாய்விட்டுப் படிப்பதற்காக எழுதப்பட்டதை மௌனமாகப் படிப்பதால் வரும் சோர்வு அது. தனியாகப் படித்துப் பாதியில் வைத்துவிட்டவர்கள் உண்டு, அவர்களைக் குறைசொல்லமாட்டேன். குழுவாக எடுத்தால் அந்தப் போட்டிக் காட்சியை ஆளுக்கொரு திருடனாகப் பிரித்துச் சத்தமாகப் படியுங்கள், வேறு நூலாகிவிடும்.

இப்போது ‘ஹாலா’. செம்பேன் மார்சேய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளி, பிரெஞ்சில் நாவல் எழுதினார். தன் ஊரில் பெரும்பாலானவர்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நாற்பது வயதை நெருங்கும்போது மாஸ்கோவுக்குப் போய் சினிமா கற்றுக்கொண்டு வந்தார். படத்தின் முதல் சில நிமிடங்களைப் பாருங்கள். செனகல் தலைநகர் டாக்காரின் வர்த்தக சபைக்குள் உள்ளூர் வியாபாரிகள் ஆப்பிரிக்க உடையில் நுழைகிறார்கள், பிரெஞ்சுக்காரர்களின் சிலைகளை எடுத்து வெளியே வைக்கிறார்கள், கூட்டம் ஆடிப்பாடுகிறது. கொஞ்ச நேரத்தில் அதே ஆட்கள் கோட்டு சூட்டில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். வெளியேற்றப்பட்ட வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து ஆளுக்கொரு பெட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள், திறந்தால் கட்டுக்கட்டாகப் பணம். பிறகு வெள்ளைக்கார ஆலோசகர் பேசாமல் ஓரமாக நிற்கிறார், அறையில் எல்லாம் அவர் கண்முன்னேதான் நடக்கிறது. ஃபனான் ஒரு அத்தியாயத்தில் எழுதியதை இந்தச் சில நிமிடங்கள் அநேகமாக வசனமே இல்லாமல் காட்டிவிடுகின்றன.

அதன் பிறகு எல் ஹாஜி என்ற வியாபாரியின் கதை. மூன்றாவது கல்யாணம் செய்துகொள்கிறான், அன்றிரவு அவனுக்கு ஆண்மை போய்விடுகிறது. யாரோ சாபம் வைத்துவிட்டார்கள் என்று மந்திரவாதிகளைத் தேடி அலைகிறான், அலையும்போதே வியாபாரமும் கவிழ்கிறது. வறட்சிப் பகுதிக்குப் போகவேண்டிய அரிசியைக் கள்ளத்தனமாக விற்றது வெளிவருகிறது, கொடுத்த காசோலை திரும்பி வருகிறது, சபையிலிருந்து துரத்துகிறார்கள். துரத்துகிறவர்கள் யோக்கியர்களா என்றால் அவர்களும் அதே பெட்டியை வாங்கியவர்கள். அவன் இடத்துக்கு வருகிறவன் யார் தெரியுமா? படத்தின் நடுவே, வறட்சியால் வாடிய கிராமத்து ஜனங்கள் சேர்த்துக்கொடுத்த பணத்தை ஒரு ஏழையின் பையிலிருந்து அடித்த பிக்பாக்கெட்காரன். இதைப் பார்வையாளர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கும்படி செம்பேன் சும்மா ஒரு ஓரத்தில் விட்டுவைத்திருப்பார், யாராவது கவனித்துச் சொல்லும்போது அறையே ஒருமுறை அதிரும்.

மெர்சிடிஸ் காருக்கு எவியான் என்ற பிரெஞ்சு பாட்டில் தண்ணீரை ஊற்றும் காட்சி, அப்பா பிரெஞ்சில் பேசப்பேச மகள் ராமா உள்ளூர் ஓலோஃப் மொழியிலேயே பதில் சொல்லும் காட்சி, தெருவில் உட்கார்ந்திருக்கும் பிச்சைக்காரர்களைக் குப்பை என்று சொல்லிப் போலீசை விட்டு அள்ளிக்கொண்டுபோய் நகருக்கு வெளியே கொட்டச்செய்யும் காட்சி, அவர்கள் நடக்கமுடியாதவர்கள் தவழ்ந்தும் நடக்கமுடிந்தவர்கள் மற்றவர்களைத் தாங்கியும் நகருக்கே திரும்பி வருவது என்று பேச எடுத்துக்கொள்ள ஒவ்வொன்றும் ஒரு மணிநேரம் தாங்கும். கடைசிக் காட்சியைச் சொல்லப்போவதில்லை, ஆனால் திரையிடுகிறவர்கள் முன்பே பார்த்துவிடுங்கள், பலருக்குச் சகிக்கமுடியாத காட்சி அது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் போடும் படமும் இது இல்லை. செனகலில் தணிக்கையாளர்கள் சில காட்சிகளை வெட்டித்தான் வெளியிட விட்டார்கள். அப்போது ஜனாதிபதி யார் என்றால் கறுப்பின மக்களின் பெருமையைப் பாடிய கவிஞர் செங்கோர்.

படத்தின் பலவீனமும் சொல்லவேண்டும். மூன்றாவது மனைவிக்கு அநேகமாகப் பேச்சே இல்லை, அவள் ஒரு உடலாக மட்டும் வந்து போகிறாள். ஆண்மையிழப்பை நாட்டின் இயலாமைக்கு உருவகமாக்கும்போது அரசியல் முழுவதும் ஆண்களின் உடல் விவகாரமாகச் சுருங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. பெண்களிடம் இதைப் போட்டுக்காட்டினால் முதல் எதிர்ப்பு இங்கிருந்துதான் வரும், வரட்டும், அதற்கு இடம் கொடுங்கள்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், கூட்டமாக ஒரு மாலை மட்டும் ஒதுக்கமுடியும் என்கிறவர்களுக்கு ‘ஹாலா’ படத்தைத்தான் முதலில் போடச்சொல்வேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டு மணிநேரத்தில் முடிகிறது, வீட்டுப்பாடம் வேண்டாம், எதிரி யார் என்பதில் கருத்து ஒன்றாக இருக்காது. எல் ஹாஜியை வெறுப்பதா, அவனைத் துரத்திய சபையை வெறுப்பதா, திரும்பி வந்து பெட்டி வைத்தவர்களை வெறுப்பதா, பிச்சைக்காரர்கள் செய்தது நியாயமா என்று ஆளுக்கொரு பக்கம் போவார்கள். பிரெஞ்சும் ஓலோஃபும் கலந்த படம் என்பதால் ஆங்கில சப்டைட்டிலோடு சிரமப்படுகிறவர்களுக்காகக் கதைச்சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அரிசி விவகாரமும் பிக்பாக்கெட்டும் மட்டும் அதில் வேண்டாம்.

தனியாக உட்கார்ந்து படிக்கிறவர், ஆங்கிலம் பரவாயில்லை என்றால் அச்செபேயில் தொடங்கலாம். என் மனதுக்கு நான்கிலும் மிக நெருங்கியது அதுதான், குழுவுக்கு ஒத்துவராது என்பதால் மட்டுமே இரண்டாவதாக வைக்கிறேன். தமிழில்தான் வேண்டும், இரண்டு மூன்று மாதம் கூடிக் கூடிப் படிக்க முடியும் என்கிற வட்டங்களுக்குக் கூகி.

அல்ஜியர்ஸ் படத்தை இதற்கெல்லாம் பிறகு போடுங்கள். ‘ஹாலா’ பார்த்தவர்கள் அந்த மொட்டைமாடிக் காட்சியில் பென் மிஹிதி சொல்வதை வேறு காதோடு கேட்பார்கள். குண்டு வைக்கும் மூன்று பெண்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால், அல்ஜீரிய எழுத்தாளர் அசியா ஜெபார் 1977 இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, செனுவா மலைப் பகுதிப் பெண்கள் போர்க்காலத்தைத் தங்கள் வாயாலேயே சொல்வது. மெதுவாகப் போகும், எல்லோருக்கும் பிடிக்காது. அதற்கு அடுத்த மாதம் அதைப் போடலாம்.